எதிரே உட்கார்ந்திருந்தவன்

தேர்தலில் நான் தோற்றேன். எண்பத்து நான்குக்கு நாற்பத்தொன்பது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை காத்திருந்து யாரும் ஏமாற வேண்டாம். நாட்டை ஆளும் தேர்தல் ஒன்றும் இல்லை. மயிலாப்பூர், தியாகராய நகர், ராயப்பேட்டைத் தையல்காரர்கள் நூற்று நாற்பது பேர் சேர்ந்து வைத்திருந்த சங்கத்தின் தலைவர் பதவிதான். 1946ஆம் வருஷம். ஊரில் எல்லாரும் ஓட்டு ஓட்டு என்று அலைந்துகொண்டிருந்தார்கள். எங்களுக்கும் அந்த ஜுரம் தொற்றிக்கொண்டது.

எனக்குக் கச்சேரி ரோட்டில் கடை. கோட்டு தைக்க வேண்டுமென்றால் ஷாஹுல் ஹமீது மாஸ்டரிடம் போ என்று மயிலாப்பூர் வக்கீல்கள் சொல்லுவார்கள். கடை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். வெட்டு மேஜை ஒன்று, மிஷின் ஒன்று, எதிரே ஒரு பலகை. அந்தப் பலகையில் உட்கார்ந்து மெஹபூப் பாஷா காஜா எடுப்பான். பொத்தான் துளைக்கு ஓரம் கட்டிக் கையால் தைப்பதைத்தான் காஜா என்போம். நான் வெட்டித் தைத்துத் தருவேன், அவன் காஜா எடுத்து, மடிப்புத் தைத்து முடிப்பான். இருபத்திரண்டு வருஷம் அப்படியே ஓடியது. அவன் முகத்துக்கும் என் முகத்துக்கும் நடுவே மூன்றடி இருந்தால் அதிகம்.

என் மனைவி காலமானது, ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஊரே காலி செய்துகொண்டு ஓடிய வருஷத்தில். ஜனாஸாவைத் தூக்க நான்கு பேர் கிடைக்காத தெருவில், பாஷா எங்கிருந்தோ பதினோரு பேரைத் திரட்டிக்கொண்டு வந்தான். என் பெண்கள் இரண்டு பேரும் வாணியம்பாடியில் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டார்கள். அதன் பிறகு ஒரு நாளில் நான் பேசுகிற பேச்செல்லாம் பாஷாவோடு பேசுவதுதான். வீட்டுக்குப் போனால் பேச ஆள் கிடையாது, காலை வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சங்கத்துக்கு ஒரு விதி உண்டு. தலைவரும் துணைத் தலைவரும் ஜோடியாகவே நிற்க வேண்டும். ஒருவருக்குப் போடுகிற ஓட்டு இருவருக்கும் சேர்த்துத்தான். ஏன் இந்த விதி என்றால், முன்பு ஒரு தடவை எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் இருவர் தலைவரும் துணைத் தலைவருமாக வந்துவிட்டார்கள். நூல்கண்டு கிடைக்காமல் ஊரே அல்லாடிய யுத்த காலம். கன்ட்ரோலில் வந்த நூல்கண்டெல்லாம் சங்கத்து அலமாரியில். அலமாரிச் சாவி ஒருவரிடம், பதிவுப் புத்தகம் மற்றவரிடம். இரண்டு மாதம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லை. நாங்கள் எல்லாரும் பழைய துணியிலிருந்து நூலைப் பிரித்தெடுத்துத் தைத்தோம். அதற்குப் பிறகுதான் ஜோடி விதி வந்தது.

எனக்கு எதிராக நின்றவர் ராயப்பேட்டை சர்தார் சாகிப். ஆறு மிஷின் ஓடுகிற கடை, யூனிபாரம் தையல். நான் ஜோடியாக அய்யாதுரையைத் தேர்ந்தெடுத்தேன். பனகல் பார்க் அருகே கடை வைத்திருந்தவர், திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், மெட்ரிக் வரை படித்தவர். கன்ட்ரோல் ஆபீசுக்கு இங்கிலீஷில் மனு எழுதுவார். தியாகராய நகரில் இருபது இருபத்தைந்து ஓட்டு அவர் சொன்னால் விழும். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன்.

இதை பாஷாவிடம் ஒரு சேதியாகத்தான் சொன்னேன். யோசனை கேட்கவில்லை. ஒரு கறுப்புக் கோட்டுக்குச் சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டே, அய்யாதுரையை நிறுத்தப்போகிறேன் என்றேன்.

“நல்லது மாஸ்டர்,” என்றான்.

அவன் கையில் ஊசி ஒரு நிமிஷம் நின்றதோ என்னவோ, நான் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக என்னை ஹமீது என்று கூப்பிட்டவன் மாஸ்டர் என்கிறானே என்பதுகூட மூன்று நாள் கழித்துத்தான் உறைத்தது. தலைவராகப் போகிறவன் அல்லவா, மரியாதை கொடுத்துப் பழகுகிறான் என்று நினைத்து உள்ளுக்குள் குளிர்ந்தும் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நானும் அய்யாதுரையும் கடை கடையாக ஏறி இறங்கினோம். வெற்றிலை பாக்குத் தட்டோடு போய், ஜோடியாக நின்று ஓட்டுக் கேட்பதுதான் வழக்கம். லஸ் பக்கம் போனோம், பனகல் பார்க் போனோம், அடையாறு வரை சைக்கிளில் போனோம். காஜா எடுப்பவர்கள் அறுபது பேர் மீர்சாகிப்பேட்டையிலும் சாந்தோமிலும் சந்து சந்தாக இருந்தார்கள். அங்கே மட்டும் போகவில்லை. போகலாமா என்று அய்யாதுரை இரண்டு தடவை கேட்டார். அதெல்லாம் நம் ஆட்கள், பாஷா இருக்கிறான், சொந்த வீட்டுக்கு யாராவது தாம்பூலம் வைத்து அழைப்பார்களா என்று சிரித்தேன். அவருக்கு எங்கள் ஊர் வழக்கம் என்ன தெரியும், சைக்கிளை மிதித்தார்.

சர்தார் சாகிப் துணைத் தலைவருக்கு ஒரு காஜாக்காரனையே நிறுத்தினார். சாந்தோம் லாசர். சங்கம் தொடங்கியதிலிருந்து ஒரு காஜாக்காரன் பதவிக்கு நின்றது கிடையாது. மிஷின்காரன் நாற்காலியில், காஜாக்காரன் தரையில், அதுதான் பழக்கம். லாசர் பெயரைக் கேட்டு நான் சிரித்தேன். கையெழுத்துப் போடத் தெரியாதவன் துணைத் தலைவரா என்று பாஷாவிடமே சொல்லிச் சிரித்தேன். பாஷாவுக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. அவன் நூலை மெழுகில் இழுத்துக்கொண்டே, ஆமாம் மாஸ்டர் என்றான்.

ஓட்டெடுப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மரக்கடைக்கு மேலே இருந்த சங்கத்து அறையில் ஒரு திரை கட்டி, பின்னால் இரண்டு பானை வைத்தார்கள். எங்களில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது, அதனால் காகிதம் கிடையாது. ஆளுக்கு ஓர் எலும்புப் பொத்தான். திரைக்குப் பின்னால் போய் வேண்டிய பானையில் போட்டுவிட்டு வர வேண்டும். எந்தப் பானையில் விழுந்தது என்று சத்தத்தை வைத்து யாரும் கண்டுபிடிக்கக் கூடாதென்று இரண்டிலும் பஞ்சு அடைத்திருந்தார்கள். பாஷா எனக்கு முன்னால் போனான், வந்தான், கடைசியில் சுவர் ஓரமாக நின்றான்.

எண்ணி முடித்தார்கள். நான் மண்ணைக் கவ்வினேன். கணக்குப் பார்த்தால் தியாகராய நகர் ஓட்டு எல்லாம் அய்யாதுரை சொன்னபடி வந்திருந்தது. வராதது என் சொந்த ஆட்கள் ஓட்டு. காஜாக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டார்கள் என்று இறங்கும்போது யாரோ சொன்னார்கள். கீழே தெருவில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

“எதிர்ல உக்காந்துக்கினு இருக்கறவனே காலை வாரி வுட்டா, சர்தாரைச் சொல்லி இன்னா பிரயோஜனம்?” என்றேன்.

திரும்பினால் பாஷா கடைசிப் படியில் நிற்கிறான். கையில் செருப்பு. அதைக் கீழே போட்டுக் காலில் மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்து போனான். ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம். தோற்றவனுக்கு வீம்பு அதிகம். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

மறுநாள் வர மாட்டான் என்று நினைத்தேன். வந்தான். பலகையில் உட்கார்ந்தான், வேலையை எடுத்தான். அதற்குப் பிறகு ஒரு வாரம் அந்தக் கடையில் மிஷின் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. மதியம் அவன் தன் தூக்கைத் திறந்து சுவர்ப் பக்கம் திரும்பிச் சாப்பிட்டான். முன்பெல்லாம் அந்தத் தூக்கில் பாதி என்னுடையது. அந்த ஒரு வாரம், என் மனைவி போன மாதத்தை விட மோசமாக இருந்தது. அப்போது அழுவதற்காவது எதிரே அவன் இருந்தான்.

அய்யாதுரை ஒரு நாள் வந்து, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் மாஸ்டர் என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அது அவ்வளவுதான்.

அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் லஸ் டிராம் நிறுத்தத்தில் லாசர் என்னைப் பிடித்துக்கொண்டான். புதுத் துணைத் தலைவர்; பதவி வந்த மிடுக்கு எதுவும் முகத்தில் இல்லை, கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டுதான் பேசினான். நான் பாஷாவைப் பற்றித் தெருவில் சொன்னது தப்பு என்றான். அவன் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சர்தார் சாகிப் முதலில் போய்க் கேட்டது லாசரை அல்ல, பாஷாவை. தட்டோடு வீட்டுக்கே போயிருக்கிறார். பாஷா தட்டைத் தொடவில்லை. எங்கள் ஹமீது என்னைத்தான் நிறுத்துவார், வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டான். சந்து முழுக்கவும் அதைச் சொல்லிவைத்திருக்கிறான். அறுபது பேரும் ஒரு காஜாக்காரனுக்கு ஓட்டுப் போடப்போகிற சந்தோஷத்தில் இருந்தபோதுதான் நான் அய்யாதுரை பெயரைக் கொடுத்தேன்.

“அப்பறமும் பாஷா பாய் ஊடு ஊடா வந்து உங்களுக்குத்தான் போடச் சொன்னாரு,” என்றான் லாசர். “அவரு கெஞ்சினதப் பாத்துத்தான் ஆளுங்களுக்கு உங்க மேல கோவமே ஜாஸ்தி ஆச்சு. உன்னையே கேக்காத மனுசனுக்கு நாங்க இன்னாத்துக்குப் போடணும்னாங்க. யாரு எதுல போட்டாங்கன்னு எங்களுக்குள்ள சொல்லிக்கினோம், அந்த சந்துலேர்ந்து உங்க பானைல வுழுந்தது அவரு பொத்தான் ஒண்ணுதான்.”

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் என்று எத்தனை பேரைக் கேலி செய்திருப்பேன். வந்த டிராமை விட்டுவிட்டு மீர்சாகிப்பேட்டைக்கு நடந்தே போனேன்.

பாஷா வாசலில் ஒரு நாற்காலி போட்டான். உள்ளேயிருந்து அவன் மனைவி அஸ்மத்துன்னிசா திரையை விலக்காமல் சாயா கொடுத்தனுப்பினாள். என்னைப் பற்றித் தெருவில் பேசியதற்கு மன்னித்துக்கொள் என்றேன். விடு என்றான். சாயாவை நான் ஊதிக்கொண்டே இருந்தேன், குடிக்கவில்லை.

“சர்தார் உன்னக் கேட்டதை ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?” என்றேன்.

“சொன்னா நீ வேற வழியில்லாம என்னை நிறுத்துவே. அப்பிடி நிக்கறது எனக்கு வேணாம்.”

எதிர் வீட்டுச் சுவரில் சாயங்கால வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

“ஒண்ணு கேக்கறேன் ஹமீது, நெஜத்தைச் சொல்லு. அய்யாதுரை பேரை எடுக்கறதுக்கு முன்னால, என் பேரு உன் மனசுல வந்துச்சா? வந்து, இவன் படிக்காதவன், வேணாம்னு தள்ளியிருந்தாலும் பரவால்ல. ஒரு தடவையாவது வந்துச்சா?”

வந்தது, தள்ளிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் போதும். அதற்காகவே அவன் கேள்வியை அப்படி அகலமாகத் திறந்து வைத்தான், நான் நுழைந்து வரட்டும் என்று. எனக்கும் அது தெரிந்தது. ஆனால் நான் ஞாபகத்தைத் துழாவிப் பார்த்தேன். ஏழு பேர் பெயரை விரல் விட்டு எண்ணியது ஞாபகம் வந்தது. கடையில் உட்கார்ந்து, அவன் எதிரிலேயே எண்ணினேன். ஒருவன் குடிகாரன் என்று நான் கேட்காமலே அவன்கூடச் சொன்னான். ஏழில் அவன் பெயர் இல்லை. இருபத்திரண்டு வருஷம் அவனிடம் நான் பொய் சொன்னதில்லை, அந்த நேரத்தில் சொல்ல வாய் வரவில்லை.

“இல்ல பாஷா. வரல.”

அவன் தலையை ஆட்டினான். கோபித்துக்கொள்வான் என்று பார்த்தேன், கோபம் இல்லை. என் கையிலிருந்த ஆறிப்போன சாயாவை வாங்கிக் கீழே வைத்தான்.

“நாளைலேர்ந்து நான் வரல ஹமீது. கோவத்துல இல்ல. நீ என்னை வேணாம்னு சொல்லியிருந்தாகூட எதிர்ல உக்காந்துக்கினு இருந்திருப்பேன். பாக்கவே பாக்காத ஆளு எதிர்ல எவ்ளோ நாளு உக்கார்றது?”

அவன் சொன்னபடியே வரவில்லை. சர்தார் கடைக்கும் போகவில்லை. தம்பி இருக்கிற ஆம்பூருக்குக் குடும்பத்தோடு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். ஒரு பொய்யைச் சொல்லி அவனை நிறுத்தி வைத்திருக்கலாமே என்று தோன்றாத நாள் இல்லை. வீட்டில் பேச ஆள் இல்லை என்று முன்பு சொன்னேன். இப்போது கடையிலும் இல்லை.

பலகையில் புதிதாக ஓர் ஆள் உட்கார்கிறார். நல்ல வேலைக்காரர், அதிகம் பேசமாட்டார். காலையில் அவர் வந்ததும் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்க்கிறேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. நேற்று ஊசியை நிறுத்திவிட்டு, “இன்னா மாஸ்டர், மூஞ்சில எதுனா கீதா?” என்று கேட்டார்.

ஒன்றும் இல்லை என்றேன்.