பின்வாசல் அக்கா

வலது முழங்கால் காலையிலிருந்தே சரியில்லை. உள்ளே யாரோ மணலைக் கொட்டி அரைப்பது போல, மடக்கும்போதெல்லாம் நரநரவென்றது. சிமெண்ட் மூட்டை சுமந்த காலத்து வலி. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு கிடந்துவிட்டு, வயசானதும் ஆளைப் பிடித்துக்கொண்டது. காரின் முன்சீட்டில் காலை நீட்ட இடமில்லாமல் கோணலாக உட்கார்ந்திருந்தாள் பின்வாசல் அக்கா.

"இன்னும் கொஞ்சம் நீட்டினீங்கன்னா கால் கண்ணாடிய ஒடச்சுக்கிட்டு வெளிய போயிடும்க்கா," என்றான் ஓட்டுநர்.

"நீ ரோட்டப் பாருடா. ஒவ்வொரு பள்ளமாத் தேடித் தேடி எறக்கறே."

"வண்டி மையத்து வண்டி. முட்டி உங்க சொந்த முட்டி. நான் எதுக்குன்னு கவலப்படறது?"

படைக்குப் போனவர்களின் குடும்பங்களைக் கவனித்துக்கொள்ளும் நல மையத்தில் அவளுக்கு வேலை. குழாய் ஒழுகினால் ஆள் அனுப்புவது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவது, பிரசவத்துக்குத் துணை நிற்பது. புருஷன் ஊரில் இல்லாத வீட்டில் புருஷன் செய்யவேண்டிய சில்லறை வேலையெல்லாம் அவள் தலையில்தான். இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கமும் உண்டு. சாவுச் செய்தி வந்தால் சீருடையில் இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போவார்கள். மூன்றாவது ஆளாக அவள் போவாள். அவர்கள் மனப்பாடம் செய்துவைத்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிற்பார்கள். அதற்குமேல் அவள் பாடு. அடுப்பை அணைக்க வேண்டும். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். விழுகிற உடம்பைத் தலை தரையில் மோதுவதற்குள் பிடிக்க வேண்டும். மூட்டை தூக்கின கை தாங்கும் என்றுதான் அவளை வேலைக்கே எடுத்தார்கள். பிடித்துப் படுக்கவைத்த பிறகு விடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். மையத்து விதிகளில் இதற்கு உடனிருத்தல் என்று பேர்.

அப்படிச் சில வீடுகளில் உட்கார்ந்த பிறகு, குடியிருப்பில் அவளைக் கண்டாலே பெண்கள் பிள்ளையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். ஒரு தடவை பள்ளிக்கூடப் பை கொடுக்கப் போனாள். கதவைத் திறந்தவள் அவள் முகத்தைப் பார்த்ததும் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. பிறகு பெண்கள் தங்களுக்குள் பேசி ஒரு ஏற்பாடு செய்தார்கள். மற்ற எந்த வேலையாக வந்தாலும் அவள் பின்சந்து வழியாகத்தான் வரவேண்டும். ஆள் தெரிவதற்கு முன்னால் "சும்மாதான்!" என்று குரல் கொடுத்துவிட்டு அடுப்படிக் கதவைத் தட்ட வேண்டும். முன்வாசலுக்கு வந்தால் அது சாவுச் செய்தி. பின்வாசல் அக்கா என்ற பேர் அப்படி வந்ததுதான். அவளும் வருஷக்கணக்கில் ஏற்பாட்டை மீறியதில்லை.

அன்றைக்குக் கொண்டுவந்தது நல்ல சேதி. எல்லைக்குப் போன அணி வெள்ளிக்கிழமை திரும்புகிறது. குடும்பங்களை மைதானத்துக்கு அழைத்துப்போக பஸ் வரும். வீடு வீடாகப் போய் அடுப்படிக் கதவைத் தட்டிச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒருத்தி அவளைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தைக் கடித்தே விட்டாள். கடைசி வீடு பாக்கி. அங்கே பின்சந்தைக் குறுக்கே வெட்டி, குழாய் பதிக்கக் குழி தோண்டிப் போட்டிருந்தார்கள். தாண்டுவதற்கு ஒற்றைப் பலகை. அவள் முழங்காலை ஒரு தடவை பார்த்தாள், பலகையை ஒரு தடவை பார்த்தாள்.

"நல்ல சேதிதானேக்கா. முன்னாலயே போயிடுங்க. கார்ல கொண்டு எறக்கறேன்."

நல்ல சேதி என்ற தைரியத்தில் அவளும் சரி என்றாள்.

கடைசி வீட்டில் இருந்தவள் தையல்காரி. இரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் குழந்தை. தையல்காரி அதிகம் பேசமாட்டாள், எதுவும் கேட்கமாட்டாள், மையத்தில் நல்ல பேர். கதவைத் தட்டியதும் உள்ளே தையல் மிஷின் நின்றது. சின்னக் கால்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகுதான் கதவு திறந்தது.

தையல்காரி அவளைப் பார்த்தாள். அவள் தோளுக்குப் பின்னால் நின்ற காரைப் பார்த்தாள். கையிலிருந்த துணி நழுவியது. பின்வாசல் அக்கா சும்மாதான் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குமுன் பழக்கத்தில் கைகள் நீண்டுவிட்டன, விழுந்தால் பிடிக்க.

தையல்காரி விழவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சை விட்டாள். நீளமாக, அடிவயிற்றிலிருந்து, தலைச்சுமையை இறக்கி வைத்தவள் விடுகிற மூச்சு. எத்தனையோ மாடிக்குச் செங்கல் ஏற்றியவளுக்கு அந்த மூச்சு தெரியாதா? தோள்கள் இறங்கின. முகத்தில் எங்கெங்கோ முடிச்சுப் போட்டு வைத்திருந்ததெல்லாம் அவிழ்ந்து, சட்டென்று சின்னப் பெண்ணாகிவிட்டாள்.

"பாப்பா," என்றாள் உள்ளே திரும்பி. "வெளிய வாம்மா. இனிமே ஒளிய வேணாம்."

கட்டிலுக்கடியிலிருந்து முதலில் ஒரு கை வந்தது.

பின்வாசல் அக்கா நீட்டிய கைகளை இறக்கினாள். சொல்லித்தான் ஆகவேண்டும். "அவரு நல்லா இருக்காரும்மா," என்றாள். "வெள்ளிக்கிழமை வர்றாரு. அதச் சொல்லத்தான் வந்தேன். சந்துல குழி வெட்டிப் போட்டிருக்கான்."

அவிழ்ந்த முடிச்சுகள் ஒவ்வொன்றாகத் திரும்ப விழுவதைக் கிட்டத்தில் நின்று பார்த்தாள். தையல்காரி குனிந்து துணியை எடுத்து உதறி மடித்தாள். சிரித்தாள்.

"பயமுறுத்திட்டீங்களேக்கா. உள்ள வாங்க. டீ போடறேன்."

இருவரும் அடுப்படியில் நின்றார்கள். தண்ணீர் கொதித்தது. மையத்துத் தச்சன் போன வருஷம் சொன்னது பின்வாசல் அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த வீட்டுக் குளியலறைக் கதவை அவன் இரண்டு தடவை வந்து சரிசெய்திருக்கிறான். 'உள்தாழ்ப்பா பேந்து வந்துருக்குக்கா, ஆனா அடி வெளிய இருந்து விழுந்திருக்கு,' என்று சிரித்தான். மரம் உளுத்திருக்கும் என்று இவள் சொன்னாள். அவனும் சரி என்றான்.

"அவரு செத்திருந்தா நீங்க என்னக்கா பண்ணுவீங்க?" தையல்காரி டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"என்னம்மா பேச்சு இது."

"இல்ல, சொல்லுங்க. விடிய விடிய இங்க உக்காருவீங்கல்ல? என்னையும் இவளையும் விட்டு நகர மாட்டீங்கல்ல?"

"ஆமா."

"உசுரோட வர்றாரு. அன்னிக்கி வந்து உக்காருங்க. மொத ராத்திரிதான் அவருக்கு ஆகாது. வந்த அன்னிக்கி. அப்பறம் கொஞ்சம் அடங்கிடுவாரு." டம்ளரை நீட்டினாள். "அந்த ஒரு ராத்திரி வாங்கக்கா."

பின்வாசல் அக்கா டம்ளரை வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டதே பதிலாகிவிட்டது. தையல்காரியின் முகத்தில் அது தெரிந்தது.

அன்றிலிருந்து படுத்தால் அந்த மூச்சு வந்து காதோரம் நின்றது. அதுகூடப் பரவாயில்லை. பழைய வீடுகளெல்லாம் வரிசையாக எழுந்து வந்தன. இவள் கையில் விழுந்த பெண்கள், மடியில் தலைவைத்துக் குலுங்கிய பெண்கள். அத்தனையும் அழுகை என்றுதான் நினைத்திருந்தாள். பச்சைக் கதவு வீட்டுக்காரி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு விடியும்வரை அசையாமல் கிடந்தாளே, அவள் தூங்கினாளா? அடித்துப்போட்ட மாதிரி, பல வருஷத்துக்குப் பிறகு நிம்மதியாக? அவள் தலையைத் தடவி, 'அழுதுடும்மா, அழுதுடு' என்று இரவெல்லாம் தொந்தரவு செய்தோமோ? யாரிடம் போய்க் கேட்பது? செத்தவர்களின் பேர் கல்லில் வெட்டியாகிவிட்டது. அந்தப் பெண்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். முகங்கள் மட்டும் வந்து அவள் படுக்கையைச் சுற்றி நின்று, ஒவ்வொன்றாக மூச்சை விட்டன.

மையத்து மேலாளரம்மாவிடம் போய்ச் சொன்னாள். அவள் கெட்டவள் இல்லை. மேஜையில் பாதி தின்ற ரொட்டியை வைத்துக்கொண்டு இரண்டு போனுக்குப் பதில் சொல்கிறவள்.

"புகார் குடுக்கச் சொல்லுங்க. நான் மேல அனுப்பறேன்."

"குடுக்க மாட்டாம்மா. குடுத்தா அவன் வேல போகும், வீடு போகும். புள்ளைய வெச்சுக்கிட்டு எங்க போவா?"

"அப்ப என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?"

"ஒரு ராத்திரி நான் அங்க இருக்கேன். உடனிருத்தல்னு போட்டுக்கங்க."

மேலாளரம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "அதுக்கு ஆள் செத்திருக்கணுமேக்கா," என்றாள். சொன்னபிறகு தான் சொன்னது தனக்கே கேட்டது போல முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மைதானத்தில் பேண்டு வாசித்தார்கள். பின்வாசல் அக்கா தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தாள். லாரியிலிருந்து இறங்கியவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி கறுத்து, ஒரே மாதிரி இளைத்திருந்தார்கள். யார் வீட்டில் எந்தத் தாழ்ப்பாள் உடையும் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. தையல்காரியின் புருஷன் மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நேரே இவளிடம் வந்தான்.

"நீங்கதான் பாத்துக்கிட்டீங்களாம். ரொம்ப நன்றிக்கா." கண்ணில் தண்ணீர் நின்றது. பொய்யில்லை, அவன் மெய்யாகவே அழுதான். தோளில் இருந்த குழந்தை இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, வகுப்பில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு மாற்றுச்சேலையைப் பையில் திணித்துக்கொண்டு ஓட்டுநரைக் கூப்பிட்டாள். மையத்துக்குச் சொல்லவில்லை. வழியில் அவன் பள்ளம் பார்த்து ஒதுக்கி ஓட்டினான்.

கதவைத் தையல்காரியின் புருஷன்தான் திறந்தான். குளித்து, தலை ஈரமாக இருந்தது. சாராய வாடை இல்லை. பின்னால் தையல்காரி மிஷினில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா முன்வாசல்ல? யாராச்சும் செத்துட்டாங்களா?" சிரித்தான். "நான் இங்கதான் இருக்கேன். நல்லாப் பாத்துக்கங்க."

வழியெல்லாம் யோசித்து வைத்ததை அவள் சொன்னாள். "தங்கச்சிக்கு ஒடம்பு முடியலன்னு சொன்னா. ராத்திரி கூட இருந்துட்டுப் போலாம்னு வந்தேன்."

சொல்லி முடிக்கும்போதே தப்பு என்று தெரிந்துவிட்டது. அவன் சிரிப்பு மாறவில்லை. மெல்ல உள்ளே திரும்பினான்.

"ஒடம்பு முடியலயா ஒனக்கு? எங்கிட்ட சொல்லவே இல்லையே. ஊருக்கெல்லாம் சொல்லிருக்கே."

"எனக்கு ஒண்ணுமில்ல," என்றாள் தையல்காரி. துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அக்கா வேற வீட்டோட கொழப்பிக்கிட்டாங்க."

"ஒண்ணுமில்லயாம்க்கா. நான் வந்துட்டேன்ல, பாத்துக்கறேன். நீங்க போய் முட்டிக்கு ரெஸ்ட் குடுங்க. நொண்டறீங்க பாருங்க."

மரியாதையாகத்தான் சொன்னான். கதவையும் மெதுவாகத்தான் சாத்தினான்.

அவள் காரில் வந்து உட்கார்ந்தாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. ஓட்டுநர் சாவியைத் திருகிவிட்டு, அவள் கதவைச் சாத்தாததைப் பார்த்து, மறுபடி அணைத்தான்.

"போலாமாக்கா?"

தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்துகொண்டு வந்தன. மற்ற வீடுகளில் பாட்டும் சிரிப்புமாக இருந்தது. கடைசி வீட்டின் ஜன்னலில் திரை போட்டிருந்தது. அதற்குப் பின்னால் தையல் மிஷின் ஓடியது. ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் இடைவெளி விடாமல், துணி எப்போதோ முடிந்துபோயிருக்கும், அதற்குப் பிறகும் வெறும் தையலாக ஓடியது. அது ஓடுகிறவரை அவளும் மூச்சை அடக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு மிஷின் நின்றது.

ஓட்டுநர் அவளைப் பார்த்தான். அவள் ஜன்னலைப் பார்த்தாள். அந்த வீட்டுக்கு அவள் ஒரு ராத்திரி தரவேண்டும். இன்னும் தரவில்லை.