நீல ஜாக்கெட்டில் செய்த செக்கிங்

சுஹாஸுக்குப் பறப்பது இரண்டாம் பட்சம். பறப்பதை ஊர் பார்க்கவேண்டும், அதுதான் முதல். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏதோ மேனேஜராம். ஞாயிறு விடிந்தால் ஹெப்பகோடி தாண்டி இருக்கிற பாராமோட்டார் மைதானத்துக்கு மூன்று கேமராவோடு வந்துவிடுவான். முதுகில் இஞ்சினையும் விசிறியையும் கட்டிக்கொண்டு, தலைக்கு மேலே துணி இறக்கை விரிய ஓடி எழும்புகிற விளையாட்டு அது. அங்கே ஆட்களைப் பத்திரமாக ஏற்றிவிடுகிற வேலை விவேக் நகர் ஆம்ப்ரோஸுக்கு. ஒன்பது வருஷத்தில் தான் பார்த்த கோமாளிகளில் சுஹாஸுக்குத்தான் முதலிடம் என்பது அவர் அபிப்பிராயம்.

மைதானத்தில் ஒரே சட்டம். ஓடுவதற்கு முன் ஒவ்வொரு கொக்கியையும் கையால் தொட்டு, பேரை உரக்கச் சொல்லவேண்டும். நடுவில் எதைக் கழற்றினாலும் மறுபடி முதலிலிருந்து. முக்கியமாகத் தொடை வார். அதைப் பூட்டாமல் மேலே போனால் ஆள் இருக்கையில் தங்கமாட்டான். அக்குளில் தொங்குவான், கை சலித்ததும் விழுவான். இதைச் சொல்லும்போதெல்லாம் சுஹாஸ் கொட்டாவி விடுவான்.

ஒரு ஞாயிறு மட்டும் கொட்டாவி இல்லை. கேமரா ஓடியதே! நீல ஜாக்கெட்டில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரித்து நின்று, ஒவ்வொரு வாரையும் இரண்டு தடவை தட்டிக் காட்டி, "சேஃப்டி ஃபர்ஸ்ட், ஃப்ரெண்ட்ஸ்" என்று முழங்கினான். ஆம்ப்ரோஸுக்கே கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது. அவசரப்பட்டுவிட்டார்.

எடுத்ததைப் போட்டுப் பார்த்தால் வானமும் ஜாக்கெட்டும் ஒரே நிறம். சுஹாஸ் மொத்தத்தையும் கழற்றிப் போட்டுவிட்டு, காரிலிருந்து சிவப்பு ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, மறுபடி இஞ்சினைச் சுமந்து நின்றான்.

"சார், செக்கிங்?"

"ஆயிடுத்தே ஆம்ப்ரோஸ். ரெக்கார்டே இருக்கு."

"அது நீல ஜாக்கெட்டுக்கு ஆச்சு சார். மறுபடி ஃபர்ஸ்ட்லேர்ந்து பண்ணுங்க."

"சும்னே டைம் வேஸ்ட். லைட் போயிடும்."

இஞ்சின் அலறியது. அவன் ஓட ஆரம்பித்தபோதுதான் இரண்டு தொடை வாரும் முழங்காலில் இடித்து ஆடுவது ஆம்ப்ரோஸ் கண்ணில் பட்டது. கைகளைக் குறுக்கே போட்டு நிறுத்தச் சொன்னார். கேமராவை மறைக்கிறாராம், தள்ளிப் போகச் சொல்லி விரலை ஆட்டினான் அந்த மகானுபாவன். அதற்குமேல் பேச்சென்ன? ஓடிப்போய், எழும்பிக்கொண்டிருந்த இறக்கையின் நுனியைப் பிடித்து இழுத்துச் சாய்த்தார். சுஹாஸ் மண்ணில் மண்டி போட்டு விழுந்தான்.

"நல்ல ஷாட்டைக் கெடுத்துட்டேளே!"

ஆம்ப்ரோஸ் இஞ்சினை அணைத்தார். தொங்கிய வாரை எடுத்து அவன் கையில் வைத்தார். சுஹாஸின் முகம் வெளுத்தது. அரை நிமிஷம்தான். பிறகு கேட்டான்: "இது கேமராவுல விழுந்துடுத்தா?"

எல்லாக் கேமராவையும் மூடவைத்து, முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தொடவைத்த பிறகுதான், கேமராக்களைத் திறக்கவிட்டு ஆம்ப்ரோஸ் அவனை மேலே அனுப்பினார்.

புதன்கிழமை வீடியோ வந்தது. 'என் பாதுகாப்புப் பழக்கங்கள்' என்று தலைப்பு வேறு. நீல ஜாக்கெட் தொட்டுக் காட்டியது, சிவப்பு ஜாக்கெட் பறந்தது. நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள், ஒருத்தருக்கும் கண் இல்லை. ஆம்ப்ரோஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழே எழுதினார்: "நீல ஜாக்கெட்டுக்கு செக்கிங் ஆச்சு. சிவப்பு ஜாக்கெட் விழுந்து செத்திருந்தா?"

யார் எழுதியது என்றுகூடப் பார்க்காமல் சுஹாஸ் உடனே பதில் போட்டான்: "தேங்க்ஸ் ப்ரோ! ரெண்டு கலருமே ஆன்லைன்ல கிடைக்கும்."