விழுந்து எழுந்தால் இரண்டு மார்க்

எங்கள் குத்துச்சண்டைக் கூடத்துச் சுவரில் ஒரே ஒரு படத்துக்குத்தான் இடம். ஜன்னல்கள், கண்ணாடி, கையுறை மாட்டும் ஆணிகள் போக மிச்சம் அவ்வளவுதான். அந்தக் காலத்து வீரர்களில் யார் பெரியவரோ அவர் படம் அங்கே ஏறும் என்று பேச்சு. மூன்று ஞாயிற்றுக்கிழமை தொண்டை கிழியக் கத்தியும் முடிவாகவில்லை.

நான் அங்கே கிழிந்த கையுறைகளைத் தைத்துக் கொடுப்பவள். என் அப்பாவும் அந்தக் காலத்து ஆள்தான். ஐம்பத்தொரு சண்டை, முப்பத்து மூன்று தோல்வி, பட்டப்பெயர் ரப்பர். அவரை அந்தச் சுவரில் பார்த்துவிட வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. சொன்னால் சிரிப்பார்கள் என்று வாயைத் திறக்காமல் தைத்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது ஞாயிறு காலையிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். சலூன் பெரியப்பா ‘இடி’ என்ற வீரரின் கட்சி. அந்த நாளில் வளையத்து மூலையில் நின்று இடிக்கு ரத்தம் துடைத்தவர். பஸ் ஓட்டும் சித்தப்பாவுக்கு ‘நிழல்’தான் உயிர்.

“நாப்பது பேர சாய்ச்சவன்டா இடி!”

“யார? காத்தடிச்சா விழுறவங்களத்தானே? என் நிழல் மேல ஒரு அடி பட்டிருக்கா?”

“ஓடிக்கிட்டே இருந்தா எப்படிடா படும்? அவனுக்கு ஓட்டப்பந்தயத்துல கப்பு குடு!”

இடியும் நிழலும் கடைசிவரை ஒருவரோடொருவர் மோதவே இல்லை. வம்பே அங்கேதான்.

பொறுத்துப் பார்த்த ரெஃப்ரி மாமா மணியை ஓங்கி அடித்தார். “முதல்ல ரூல், அப்புறம் ரிசல்ட்டு” என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினார். ஜெயித்தால் ஒரு மார்க். பெரிய கையோடு மோதினால், தோற்றாலும், ஐந்து மார்க். அது சித்தப்பா கேட்டது. விழுந்து எழுந்தால் இரண்டு மார்க். ஓடுகிறவனுக்கு அது எங்கே கிடைக்கப்போகிறது என்ற குஷியில் பெரியப்பா கேட்டது. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

“கூட்டினப்புறம் மாத்த மாட்டேன். இத்தன வருஷத்துல ஒரு தீர்ப்பையும் நான் மாத்தினதில்ல” என்றார் மாமா.

ஒவ்வொரு சண்டையும் ஒவ்வொரு விழுதலும் பதிவான பழைய நோட்டைப் பிரித்தார். எழுந்ததற்கு இடிக்குச் சுழி. அவர் விழுந்ததே இல்லை; குஷியில் பெரியப்பா அதை மறந்துவிட்டிருந்தார். நிழலுக்கும் சுழிதான்.

“விழாதது ஒரு குத்தமாடா!” என்று பெரியப்பா அலறினார்.

மொத்தம் ஆளுக்கு அறுபது. மறுபடியும் கூச்சல். எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ தெரியவில்லை.

“மாமா, அப்பாவுக்கும் போட்டுப் பாருங்களேன்.”

பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த அப்பாவுக்குப் புரையேறியது. “காலங்காத்தால ஏம்மா மானத்த வாங்குற?”

மாமா விரலை எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார். வெற்றி பதினெட்டு. இடியோடு ஆறு தடவை, நிழலோடு நாலு தடவை மோதியதற்கு ஐம்பது. விழுந்து எழுந்தது இருபத்து மூன்று தடவை, அதற்கு நாற்பத்தாறு. இரண்டு முறை கூட்டினார்.

“நூத்திப் பதினாலு.”

“எல்லார்கிட்டயும் உதை வாங்கினவன் எப்படிடா பெரியவன்?” பெரியப்பாவும் சித்தப்பாவும் முதல் தடவையாக ஒரே குரலில் கேட்டார்கள்.

“ரூல் யாரு கேட்டது? கையெழுத்து யாரோடது?” என்றார் மாமா.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊசி விரலில் ஏறியதுகூடத் தெரியாமல் சிரித்தேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. “இருபத்து மூணா? நான் பதினேழுன்னுல்ல நெனச்சேன்” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

வீட்டுக்கு ஓடிப்போய் பெட்டியைக் கவிழ்த்தேன். அப்பா வளையத்தில் இருக்கும் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் அவர் மல்லாந்து நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கிறார். பக்கத்தில் இடி நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார். மூச்சிரைக்கக் கொண்டுவந்து காட்டினேன்.

“பாத்தியா! சுவத்துல ஏறப்போறது யாரு? எங்க இடி!” என்று பெரியப்பா குதித்தார்.

என் முகம் தொங்கிவிட்டது. அப்பா படத்தை வாங்கி உற்றுப் பார்த்தார். பிறகு அதை ஒரு பக்கமாகத் திருப்பிச் சுவர் ஆணியில் மாட்டினார். இப்போது அப்பா விறைப்பாக நின்றார். இடி கட்டையாகப் படுத்துக் கிடந்தார்.

ரெஃப்ரி மாமா படத்தருகே போனார். இடியின் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, “ஒண்ணு... ரெண்டு...” என்று எண்ணத் தொடங்கினார். மூன்றிலிருந்து எல்லோரும் சேர்ந்து கத்தினோம். ஏழில் சித்தப்பா பெஞ்சின் மேல் ஏறிவிட்டார். ஒன்பதில் பெரியப்பா, “எந்திரிடா, எந்திரி!” என்று இடியைக் கெஞ்சினார்.

பத்து சொன்ன பிறகும் இடி எழுந்திருக்கவில்லை. மாமா அப்பாவின் கையைப் பிடித்து உயர்த்தினார்.