சம்பந்தி போட்ட சர்க்கரை

என் கணவர் கிளைவுக்கும் மெர்வினுக்கும் ஆகாது என்பது ஊருக்கே தெரியும். ஒவ்வொரு வருடமும் எங்கள் ஊர் விவசாயக் கண்காட்சியில் வீட்டில் காய்ச்சிய பீருக்குப் போட்டி நடக்கும். முதல் பரிசான நீல ரிப்பன் மெர்வினுக்குப் போகும், இரண்டாவது பரிசு கிளைவுக்கு வரும். அந்த மெர்வினின் மகனைத்தான் எங்கள் மகள் டீகன் காதலித்துத் தொலைத்தாள். கல்யாணப் பேச்சு முடிந்த அன்றைக்கே மெர்வின் சொன்னார், விருந்துக்கு வேண்டிய பீரை இரண்டு பேரும் சேர்ந்தே கிளைவின் ஷெட்டில் காய்ச்சலாம் என்று. கிளைவ் சிரித்துக்கொண்டே கைகொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது.

"எதுக்கு என் ஷெட்ல காய்ச்சணுங்கறான்? கெட்டுப்போனா என் பேரு நாறணும், அதுக்குத்தான்."

"அவரு பையன் கல்யாணமும்தானே அது?"

"லோர்னா, உனக்கு அவனைப் பத்தித் தெரியாது."

பாட்டிலில் அடைக்கும் நாள் வந்தது. கிளைவ் முதல் நாளே கண்ணாடிப் பாட்டில்களை ஊறப்போட்டு, பிரஷ் விட்டுத் தேய்த்து, அலசிக் கவிழ்த்து வைத்திருந்தார். மெர்வின் வந்தார். ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிலவற்றை மோந்தும் பார்த்தார். அப்புறம் தான் கொண்டுவந்த கிருமிநாசினியை எடுத்து எல்லாவற்றிலும் மறுபடி பீய்ச்சினார். நுரை வழிந்தது. கிளைவின் காது சிவந்துவிட்டது.

"ஏற்கெனவே கழுவியாச்சு மெர்வ்."

"கழுவியிருப்ப. எனக்கு ஒரு திருப்தி, அவ்வளவுதான்."

பிறகு மெர்வின் என் அடுப்படிக்கு வந்து ஒரு சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தார். பீர் நொதித்து முடிந்ததும் கொஞ்சம் சர்க்கரை சேர்த்து அடைத்தால்தான் பாட்டிலுக்குள் வாயு பிடிக்கும், ஊற்றும்போது நுரை வரும். மெர்வின் சர்க்கரையைப் பாகாகக் காய்ச்சி அடியில் குழாய் வைத்த வாளியில் மொத்தமாக ஊற்றி, அதன் மேல் பீரை இறக்குவார். கிளைவ் பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன் என்று தனித்தனியாகப் போடுகிறவர். அன்றைக்கு மெர்வினின் முறைப்படி செய்வதாகப் பேச்சு. நான் அப்போது டீகனின் கல்யாண கவுனுக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் பாத்திரம் கொதித்ததைப் பார்த்தேன், அதற்கு மேல் கவனிக்கவில்லை.

பீர் வாளியில் இறங்கி முடிந்தபோது மெர்வின் கடிகாரத்தைப் பார்த்தார். மாடு கறக்கும் நேரம். கறவைக்குத் தாமதமானால் அவருக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. "மிச்சத்தை நீ அடைச்சிரு" என்று சொல்லிவிட்டு, வாளிக் குழாயைத் திறந்து ஒரே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் பீர் பிடித்து மூடி, அதை எடுத்துக்கொண்டு வண்டியேறினார்.

கிளைவ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எதுக்கு ஒரு பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுபோறான்?"

"ஆசையா இருக்கும்."

"அவன் சர்க்கரை போட்டதை நீ பாத்தியா?"

"பாத்திரம் கொதிச்சதைப் பாத்தேன்."

"சர்க்கரை போட்டதைப் பாத்தியான்னு கேட்டேன்."

நான் பார்க்கவில்லைதான். அவர் என் சர்க்கரை டப்பாவைத் திறந்து பார்த்தார். காலையில் நிரப்பியது நிரப்பியபடி இருந்தது. வாளிப் பீரை ஒரு வாய் குடித்துப் பார்த்தார். இனிக்கவில்லை என்றார். அவ்வளவு பீரில் அந்தப் பாகு எங்கே இனிக்கப் போகிறது? ஆனால் சந்தேகம் வந்த நாக்குக்கு அதுவே சாட்சியாகிவிட்டது.

"வெறும் தண்ணியைக் காய்ச்சி ஊத்திட்டுப் போயிருக்கான். கல்யாணத்தன்னிக்குத் திறந்தா செத்த பீரு. எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிப்பாங்க."

"ஒரு ஃபோன் போட்டுக் கேளுங்களேன்."

"கேட்டா போட்டேன்னுதானே சொல்லுவான்?"

அவர் புனலையும் ஸ்பூனையும் எடுத்தார். என்னைப் புனல் பிடிக்கச் சொன்னார், மாட்டேன் என்றேன். தானே பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன் போட்டு, பீர் நிரப்பி, மூடியை அழுத்தி முடித்தார். பீர் தயாராகக் கதகதப்பு வேண்டும். எங்கள் டாஸ்மேனியக் குளிரில் ஷெட் ஆகாது என்று, ஹீட்டர் இருக்கும் டீகனின் அறையில் பெட்டி பெட்டியாக அடுக்கினார். அதே அறையில், அலமாரிக் கதவில், குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து நான் தைத்த கவுன் தொங்கியது.

அடுத்த ஞாயிறு மெர்வின் ஃபோன் செய்தார். கிளைவ் அதை ஸ்பீக்கரில் போட்டார், எனக்கும் கேட்கட்டும் என்று.

"என் பிளாஸ்டிக் பாட்டில் கல்லு மாதிரி ஆயிடுச்சு கிளைவ். அமுக்கினா அமுங்கல. அருமையா வாயு பிடிச்சிருக்கு. உன்னுது எப்படி?"

கிளைவ் ஃபோனைக் கிட்டே இழுத்தார்.

"மெர்வ், நீ சர்க்கரை போட்டியா?"

"போடாம? கன்னுக்குப் பால்பவுடர் நிறுக்கற தராசுல வீட்லயே நிறுத்து, பொட்டலமா கொண்டுவந்தேனே. ஏன் கேக்கற?"

கிளைவ் டீகனின் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"நீயும் போட்டுட்டியா?" என்றார் மெர்வின். "அத்தனை பாட்டில்லயும்? ரெண்டு மடங்கு சர்க்கரை, வெடிச்சிரும். பாட்டில் இருக்கற பக்கம் யாரும் போகாதீங்க. நான் வர்றேன்."

அவர் வைப்பதற்குள் டீகனின் அறையில் ஒன்று வெடித்தது. உடைந்த கண்ணாடி சுவரில் சிதறும் சத்தம் கேட்டது. நல்லவேளை, டீகன் வெளியே போயிருந்தாள். பீர் போனால் போகட்டும், கடையில் வாங்கலாம். அந்த கவுனுக்கு எங்கே போவேன்? கதவைப் பார்த்து ஓடினேன். கிளைவ் என் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். ஷெட்டுக்குப் போய் வெல்டிங் முகமூடி, தோல் கையுறை, மழைக்கோட்டு எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வந்தார். உள்ளே போனார். இரண்டாவது வெடித்தது. அப்புறம் மழைக்கோட்டுக்குள் கவுனைச் சுருட்டி அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். ஓரத்தில் மட்டும் பீர் நனைத்திருந்தது. நான் அழுதுவிட்டேன். அவரைத் திட்டவும் செய்தேன்.

மெர்வின் கறவையை மகனிடம் விட்டுவிட்டுத் தன் முகமூடியோடு வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து ஒவ்வொரு பாட்டிலாகத் துண்டில் சுற்றி வெளியே கொண்டுவந்து, மூடியைக் கொஞ்சமாக நெம்பி, வாயுவைச் சீறவிட்டு, புது மூடி போட்டு அழுத்தினார்கள். மாலை வரை வேலை நடந்தது.

அடுப்படியில் வந்து உட்கார்ந்த பிறகுதான் மெர்வின் வாயைத் திறந்தார்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா போட்டேன்னு சொல்லியிருப்ப."

"போட்டேனே."

"சரி, நீ எதுக்கு அந்தப் பாட்டிலைத் தூக்கிட்டுப் போன?"

மெர்வின் மேசையைப் பார்த்தார். "நீ ஏதாவது பண்ணுவேன்னு தோணுச்சு. பீர் கெட்டா என் தப்பில்லேன்னு காட்டறதுக்கு ஒண்ணு வேணும்ல?"

கிளைவ் தலையாட்டினார். அது அவருக்கு நியாயமாகப் பட்டதுபோல. எனக்குப் படவில்லை. நாளைக்குப் பேரக்குழந்தை பிறந்தால், ஒருவர் வாங்கிவந்த பாலை மற்றவர் மோந்து பார்ப்பார் போலிருக்கிறது. என் பெண் இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் வாழப்போகிறாள்.

மெர்வின் கோட்டுக்குள்ளிருந்து அந்தப் பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்துத் திறந்து இரண்டு கிளாஸில் ஊற்றினார். அழகாக நுரை கட்டி நின்றது. ஒன்றை கிளைவ் பக்கம் நகர்த்தினார்.

கிளைவ் தொடவில்லை, மெர்வின் முதலில் குடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். மெர்வினும் தொடவில்லை. ஆளுக்கொரு கிளாஸை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நுரை அடங்கத் தொடங்கியது.

நான் கிளைவின் கிளாஸை எடுத்துக் குடித்தேன். அதை வைத்துவிட்டு மெர்வினுடையதையும் எடுத்துக் குடித்தேன். பாட்டிலில் மிச்சமிருந்ததையும் ஊற்றிக்கொண்டேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன். "உங்க ரெண்டு பேருக்கும் கிடையாது. போய் டீகன் ரூம்ல கண்ணாடி பொறுக்குங்க."