அண்ணியின் வண்டிக்கு அடியில் நாத்தனார்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று காலை பல் துலக்கிக்கொண்டே மாடி பால்கனிக்கு வந்தேன். கீழே வாசலில் நீலக் கார் ஒன்று, முன் சக்கரங்கள் இரண்டும் இல்லாமல் இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் நின்றிருந்தது. அதற்கு அடியிலிருந்து நான்கு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. இரண்டில் பூப்போட்ட ரப்பர் செருப்பு, இரண்டில் ஆஸ்பத்திரிக்காரர்கள் போடும் வெள்ளை ஷூ. வாயிலிருந்த நுரையை விழுங்கிவிட்டேன். எழுத வந்த இத்தனை வருடத்தில் ஒரு கதை வீட்டு வாசலுக்கே வந்து இப்படிக் காலை நீட்டிப் படுத்ததில்லை.

வாய் கொப்பளித்தும் கொப்பளிக்காமலும் ஓடிவந்து மேசையில் உட்கார்ந்தேன். முதல் வரி:

அந்த மெக்கானிக் கைதேர்ந்தவர். அவர் கை பட்டால் எப்பேர்ப்பட்ட வண்டியும்—

[நிறுத்து. யார் இந்த மெக்கானிக்? கார் என்று எழுதியதுமே என் பேனா தானாக ஒரு மீசைக்காரரைக் கூட்டிவந்து நிறுத்துகிறது. கீழே கிடப்பவை பெண்களின் கால்கள். மீசைக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். போகும்போது முறைத்துக்கொண்டே போனார்.]

2

பூப்போட்ட செருப்பு அண்ணியுடையது. கீழ்வீட்டின் முன்னறையிலேயே தையல்கடை வைத்திருக்கிறாள். ஆஸ்பத்திரிகளுக்கும் பள்ளிகளுக்கும் சீருடை தைத்து, மூட்டை மூட்டையாகக் கட்டி, இந்த நீலக் காரில் போட்டுக்கொண்டு போய்க் கொடுப்பாள். வெள்ளை ஷூ அவளுடைய நாத்தனாருடையது. பிசியோதெரபிஸ்ட். முட்டி மடங்காதவர்களையும் தோள் தூக்க முடியாதவர்களையும் நாள் முழுக்க மடக்கியும் தூக்கியும் விடுகிற வேலை.

கதை நாத்தனாரை ஒட்டித்தான் நடக்கும். இதில் எனக்கொரு சங்கடம். கதைகளில் நாத்தனார் என்றாலே பற்றவைத்துவிட்டு நகர்ந்துபோகிறவள். இவளையும் அப்படி ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். ஒட்டவே இல்லை. ஏனென்றால் இவள் அங்கே மல்லாக்கப் படுத்து, கண்ணில் துரு விழ, அண்ணிக்காகச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருக்கிறாள்.

விஷயம் இதுதான். போன மாதம் காரை இரவல் வாங்கிக்கொண்டு போனவள், தோண்டிப்போட்ட சாலையில் ஒரு பள்ளத்தில் இறக்கிவிட்டாள். அன்றிலிருந்து முன்பக்கம் கடகடவென்று சத்தம். ஸ்டியரிங்கை விட்டால் வண்டி இடதுபக்கம் இழுக்கிறது. அண்ணி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நாத்தனார் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். (அவள் மனதில் இருப்பது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். மாடியிலிருந்து பார்த்தால் தலைதான் தெரியும். உள்ளே இருப்பதை நானாகப் போட்டுக்கொள்கிறேன். பேச்சு மட்டும் அசல். இவர்கள் போடுகிற சத்தத்துக்கு நான் காதைப் பொத்திக்கொண்டால்தான் கேட்காமல் இருக்கும்.)

அண்ணியின் கணவருக்கு வெளியூரில் வேலை. இன்று சாயங்காலம் வருகிறார். கூடவே பழைய வண்டி வாங்குகிற ஒருவரையும் அழைத்து வருகிறார். "கையை எடுத்தா வண்டி நேரா போகணும். போச்சுன்னா நீயே வச்சுக்கோ, இல்லன்னா அவர்கிட்ட குடுத்துடுவேன்" என்பது அவர் போனில் சொன்ன கடைசிப் பேச்சு. மெக்கானிக்குகள் எல்லாரும் அடுத்த வாரம் வா என்றார்கள். நாத்தனார்தான் வீராப்பாக, "நானே மாத்தித் தரேன் அண்ணி. மனுஷன் மூட்டே என் கையில மடங்குது, கார் மூட்டு மடங்காதா?" என்றாள்.

வண்டி போனால் அண்ணி அந்த மூட்டைகளைத் தோளில் சுமந்துகொண்டு பஸ் பஸ்ஸாக ஏற வேண்டும். கதையில் ஆபத்து வேண்டும் என்பார்களே, இவ்வளவுதான் ஆபத்து. எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது.

3

காலை முழுக்க அமர்க்களம். சக்கரத்தைத் தாங்குகிற லோயர் ஆர்ம் இரண்டையும் கழற்றிப் புதிது மாட்டினார்கள். பழையதன் நுனியில் பந்துபோல் சுழலும் மூட்டுப் பகுதியை நாத்தனார் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்து, "அய்யோ பாவம், இடுப்பு மொத்தமா தேஞ்சு போச்சே" என்று உச்சுக்கொட்டினாள். பிறகு டை ராடு முனைகள். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரத்தைத் தள்ளியும் இழுத்தும் திருப்புகிற கம்பியின் நுனியில் இருப்பவை. நட்டைக் கழற்றியும் அது வரவில்லை. சக்கரத்தோடு உடும்பாகப் பிடித்துக்கொண்டிருந்தது. நாத்தனார் பக்கவாட்டில் அடித்தாள், அடித்தாள், அடித்துக்கொண்டே இருந்தாள்.

நடுவில் அண்ணிக்குப் போன். கையெல்லாம் கிரீஸ் என்பதால் ஸ்பீக்கரில் போட்டாள். கணவர்.

"என்ன அங்க அவ்ளோ சத்தம்?"

"தையல் மெஷின்ங்க."

"தையல் மெஷினா? இப்படியா சத்தம் போடும்?"

"தடிச்ச துணிங்க. அப்புறம் பேசறேன்."

அந்த நேரம் பார்த்து டணார் என்று ஒரு வெடிச்சத்தம். முனை கழன்றுவிட்டது. நாத்தனார் வண்டிக்கு அடியிலிருந்தே "வந்துருச்சு அண்ணீ!" என்று கத்தினாள். நான் மாடியில் எழுந்து நின்று கைதட்டிவிட்டேன். இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் அசடு வழிந்துவிட்டு உள்ளே வந்து இந்தப் பத்தியை எழுதினேன்.

4

[இந்தப் பகுதியை நான் கற்பனை செய்து எழுதியிருந்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள். எனக்கும் இவ்வளவு கற்பனை கிடையாது.]

டை ராடு முனை, கம்பியில் வெட்டியிருக்கும் திருகு மரையில் சுற்றி ஏறியிருக்கும். பழையதைச் சுழற்றி எடுக்கும்போது எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்ள வேண்டும். புதியதை அதே அளவு சுற்றி ஏற்ற வேண்டும். அப்போதுதான் சக்கரம் பழையபடி நேராகப் பார்க்கும். எண்ணுகிற பொறுப்பு நாத்தனாருக்கு. அண்ணி மரைகளிலிருந்த துருவையும் அழுக்கையும் கம்பி பிரஷால் பளபளவென்று தேய்த்து வைத்தாள்.

"சரி, எத்தனை சுத்து?"

"இந்தப் பக்கம் ஏழு. அந்தப் பக்கம் மூணு."

"ஏழா? நீ சுத்திக்கிட்டே கிடந்தியே, கை வலிக்குதுன்னு வேற சொன்ன."

நாத்தனாரின் முகத்தில் ஈயாடவில்லை. என்ன நடந்தது என்றால், அவள் வேலையில் எல்லாமே பத்துப் பத்துதான். முட்டியை மடக்கு, நீட்டு, பத்து. "ரொம்ப நல்லாப் பண்றீங்க, இன்னும் ஒரு பத்து." மறுபடி ஒன்றிலிருந்து. இவள் டை ராடையும் ஒரு நோயாளியாகவே நடத்தியிருக்கிறாள். ஏழு என்றால் பதினேழா, இருபத்தேழா? மூன்று என்றால்? துரு இருந்திருந்தால் நட்டு எதுவரை இருந்தது என்று அந்தக் கறையே காட்டிக்கொடுத்திருக்கும். அண்ணிதான் பளபளக்க வைத்துவிட்டாளே.

"நல்லாப் பண்றீங்கன்னு அதுகிட்டயும் சொன்னியா?" என்று அண்ணி கேட்டாள்.

"சொல்லியிருப்பேன் அண்ணி."

நாத்தனார் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பள்ளத்தில் விட்டதும் நான், இப்போது முழுசாகக் கெடுத்ததும் நான் என்று தலையில் அடித்துக்கொண்டாள். அழுதுவிடுவாள் என்று எழுதி

[அடித்துவிட்டேன். அழவில்லை. அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துச் சிரித்து, வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்று, மறுபடி சிரித்தாள். அதைப் பார்த்து இவளும்.]

5

சிரித்து முடித்த அண்ணி கடைக்குள் போய், பைகள் தைக்கிற தடித்த நூல்கண்டைக் கொண்டுவந்தாள்.

"சட்டைக்குக் கை வெக்கும்போது ரெண்டு கையும் ஒரே நீளமா இருந்தா பத்தாது, டாக்டரம்மா. நடு முதுகுலேருந்து அளக்கணும். பின்னாடி சக்கரம் நேராத்தானே இருக்கு? அதுலேருந்து புடி."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முனைகளை ஒரு குத்துமதிப்பாக ஏற்றி, சக்கரங்களை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கினார்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்துச் சீட்டோடு ஒரு துணிப்பட்டையால் கட்டினார்கள். பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரம் வரை நூலை விறைப்பாகப் பிடித்தாள் அண்ணி. முன் சக்கரத்தின் இரண்டு விளிம்பும் நூலைத் தொட வேண்டும். தொடவில்லை, ஒரு பக்கம் விரல் நுழைந்தது. நாத்தனார் கம்பியைக் கொஞ்சம் திருகுவாள், இருவரும் வண்டியை முன்னும் பின்னும் தள்ளுவார்கள், மறுபடி நூல். மறுபடி திருகல். மறுபடி தள்ளல். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். மதியச் சாப்பாட்டை மறந்தார்கள். நானும் மறந்தேன்.

"தொடுது" என்றாள் நாத்தனார்.

"இந்தப் பக்கமும்" என்றாள் அண்ணி.

பூட்டு நட்டுகளை இறுக்கி, கோட்டை மதில்போல் பல்வைத்த நட்டுகளில் அவை கழலாமலிருக்கக் கம்பி ஊசி செருகி, வளைத்து, எல்லாவற்றையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கை கழுவப் போனார்கள்.

6

அவர்கள் கை கழுவுகிற நேரத்தில் நான் இரண்டு முடிவுகள் எழுதி வைத்தேன்.

அ) வண்டி அம்பாகப் போகிறது. கணவர் வாயைப் பிளக்கிறார். வண்டி வாங்குகிறவர் வந்த வழியே திரும்புகிறார்.

(நன்றாக இருக்கிறது. ஆனால் நூலை வைத்தே காரை நேராக்கிவிடலாம் என்று நீங்கள் கிளம்பிவிட்டால் என் தலை உருளும்.)

ஆ) வண்டி இடதுபக்கம் இழுக்கிறது. எதிர்வீட்டுப் பூந்தொட்டி ஒன்று உடைகிறது. அண்ணி சாவியை நீட்டுகிறாள். நாத்தனார் அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டு—

(முடிக்க முடியவில்லை. விமர்சகர்களுக்கு இதுதான் பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை.)

7

எழுதிக்கொண்டே வந்து நான் இப்போது நேரத்தைப் பிடித்துவிட்டேன். இது நடந்துகொண்டிருக்கிறது. கணவர் வந்துவிட்டார். வண்டி வாங்குகிறவர் கையைக் கட்டிக்கொண்டு மதிலோரம் நிற்கிறார். கணவர் இரண்டு பேரின் கரிபடிந்த முகங்களையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

"இதான் தையல் மெஷினா?"

அண்ணி புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். கரி இன்னும் பரவியது.

"சரி, சாவியக் குடு. நான் ஓட்டிப் பாக்கறேன்."

"நான் ஓட்டறேங்க. நீங்க பின்னாடி உக்காருங்க. அவ முன்னாடி உக்காரட்டும்."

"அண்ணா, ஒருவேளை இழுத்துச்சுன்னா..." நாத்தனாரின் குரல் தேய்ந்துவிட்டது.

"இழுத்துச்சுன்னா பேசின பேச்சுதான். குடுத்துட வேண்டியதுதான்."

அண்ணி கதவைத் திறந்து உட்கார்ந்தாள். பெல்ட்டைப் போட்டாள். அப்புறம்தான் பேசினாள்.

"இழுத்தா மறுபடி கழட்டுவோம்."

"அப்ப நான் சொன்ன பேச்சு?"

"அது ரிப்பேர் பண்ணத் தெரியாதவகிட்ட நீங்க சொன்ன பேச்சுங்க. காலையிலேருந்து அப்படி ஒருத்தி இங்க இல்ல."

வண்டி வாங்குகிறவர் கட்டிய கையை அவிழ்த்தார். கணவர் என்ன சொல்லப்போகிறார் என்று நான் எழுந்து எட்டிப் பார்த்தேன். அவர் பின் கதவைத் திறந்து, சீருடை மூட்டையை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். என் இரண்டு முடிவுகளையும் கசக்கி எறிந்தேன்.

வண்டி கிளம்பிவிட்டது. கடகட சத்தம் இல்லை! அண்ணியின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கை விட்டு மெல்ல எழுவது பின்கண்ணாடி வழியே தெரிகிறது. இதற்குமேல் மரக்கிளை மறைக்கிறது. உட்கார்ந்து எழுதினால் பார்க்க முடியாது, பார்த்தால் எழுத முடியாது. நான் படியிறங்கி ஓடப்போகிறேன், மன்னித்துவிடுங்கள்.

பேனா திறந்தபடி இங்கேயே இருக்கிறது. வண்டி எந்தப் பக்கம் போகிறது என்பதை நீங்களே எழுதிவிடுங்கள். இடதுபக்கம் என்று எழுதுவதாக இருந்தால் மட்டும், முன் சீட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த நாத்தனாரின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.