சிதறிய செம்புள்ளி

தன் வேட்டைக் கடை மேசையில் பச்சைத் துணியை விரித்து, ரூனே மூன்று குறிநோக்கிகளை வரிசையாக வைத்தான். துப்பாக்கியின் முதுகில் பொருத்தி உள்ளே பார்த்தால் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். அதை விலங்கின் மேல் வைத்துச் சுட வேண்டியதுதான்.

"போனது போகட்டும். பழசுக்குப் பதிலா புடிச்சத எடுத்துக்க" என்றான். எதிரே நின்ற குன்வோரால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

செப்டம்பரில், மூஸ்மான் வேட்டையின் மூன்றாம் நாள். அறுபது மீட்டரில் ஒரு பெண் மூஸ் காட்டுப்பாதையைக் கடந்தது. குன்வோரின் கண்ணில் பட்ட புள்ளியோ ஒற்றைப் புள்ளியாக இல்லை. நசுங்கிய பழம்போல மூன்று வால்களாக இழுபட்டிருந்தது. எந்த வாலை நம்புவது என்று யோசித்து, ஒன்றை நம்பிச் சுட்டாள். குண்டு வயிற்றில் பாய்ந்தது. நாயை விட்டு நான்கு மணி நேரம் தேடினார்கள். சதுப்பு ஓரத்தில் தலையைத் தூக்கவும் மாட்டாமல் கிடந்ததை, குழுத் தலைவர் ஸ்தூரே சுட்டு முடித்துவைத்தார். திரும்பி வந்து அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "என்ன ஆச்சு?"

"ரூனே குடுத்த சாமான் சரியில்ல. புள்ளி செதறுது." வாயில் அதுதான் வந்தது. முப்பது வருடத்தில் ஒரு மிருகத்தையும் காயத்தோடு ஓடவிடாதவள். யார் சந்தேகப்படுவார்கள்? அடுத்த வாரமே குழுவில் மற்ற ஏழு பேரும் ரூனேயிடம் சொல்லிவைத்த குறிநோக்கிகளை வேண்டாம் என்றார்கள். ஸ்தூரே தோட்டாக்களுக்குக்கூட எழுபது கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு நகரத்துக்குப் போகத் தொடங்கினார்.

"உன்னோடத கம்பெனிக்கு அனுப்பிச்சேன். ஒரு கொறையும் இல்லன்னு எழுதிருக்கான்" என்றான் ரூனே. "நான் நம்பல. ஒண்ணாங் கிளாஸ்லேருந்து உன்னப் பாக்குறேன். நீ பொய் சொல்ற ஆளா?"

முதலாவதை எடுத்துக் கண்ணில் வைத்தாள். மூன்று வால்கள். இரண்டாவதிலும் அதே மூன்று வால்கள்.

"கையில வச்சு மெதுவா சுத்து. சாமான் கெட்டிருந்தா செதறலும் கூடவே சுத்தும். கண்ணுல கோளாறுன்னா அது அப்படியே நிக்கும்."

சுற்றினாள். குழல் கால் வட்டம் திரும்பியது, வால்கள் அசையவில்லை.

"சுத்துதா?"

"சுத்துது" என்றாள்.

ரூனே அதை வாங்கிப் பெட்டியில் போட்டான். மூன்றாவதையும் அவளிடம் நீட்டாமலே அதனோடு சேர்த்து வைத்தான். "அப்ப வந்த சரக்கு மொத்தமும் கோளாறுதான். நானா பாத்துப் பாத்து வாங்கினேன். எனக்குத்தான் இனிமே இந்தத் தொழில் ஆகாது போல."

ஆகஸ்டிலேயே கண் பரிசோதித்த பெண் படம் வரைந்து சொல்லியிருந்தாள். அஸ்டிக்மாட்டிசம், கருவிழி பந்துபோல இல்லாமல் முட்டைபோல வளைந்திருக்கிறது, வெளிச்சப் புள்ளிகள் இழுபட்டுத்தான் தெரியும். மூக்குக்கண்ணாடிச் சீட்டு இன்னும் காரிலேயே கிடக்கிறது. கண் போய்விட்டது என்று ஸ்தூரே முன்னால் யார் சொல்வது?

ரூனே கடைசியாக அலமாரியிலிருந்து தடித்த ஒன்றை எடுத்தான். "இது வேற வகை. புள்ளிக்குப் பதிலா ஒரு வட்டத்த உள்கண்ணாடியிலயே செதுக்கியிருக்கு. பின்னாடி வளையத்தத் திருகிக் கண்ணுக்கு ஏத்த மாதிரி வச்சுக்கலாம்."

திருகினாள். நடுவில் சின்ன வட்டம், கத்தியால் கீறியதுபோலக் கூர்மையாக நின்றது.

"ரூனே, அது சுத்தல."

"எது?"

"எதுவுமே சுத்தல. கோளாறு என் கண்ணுல. ஆகஸ்ட்லயே தெரியும்."

அவன் பச்சைத் துணியை நான்காக மடித்தான். பிறகு எட்டாகவும் மடித்தான்.

"நாலு மணி நேரம் கெடந்துச்சு அந்த மான்" என்றான். "என்கிட்ட எதுக்குச் சொல்ற? சனிக்கிழமை கறி வெட்ற எடத்துல குழு முன்னால சொல்லு."

சனிக்கிழமை, கறிக் கொட்டகையில் எட்டுப் பேர் மேசையைச் சுற்றி நின்று எலும்பிலிருந்து கறியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். குன்வோர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். மொத்தமே நான்கு வாக்கியம்தான்.

கத்திகள் ஒவ்வொன்றாக நின்றன. ஸ்தூரேயின் கத்தி மட்டும் நிற்கவில்லை. அவர் தலை நிமிராமல், தொடையெலும்பை ஒட்டி, மிக மெதுவாக அறுத்துக்கொண்டே இருந்தார்.