விரிக்கப்பட்ட மேலங்கிகள்

அமைச்சர் வந்து சேருவதற்கு முன்பே, மாணவர்கள் அவரை வரவேற்ற செய்தி வந்து சேர்ந்துவிட்டது. லிஸ்பனிலிருந்து ரயிலில் வந்த நாளிதழை வாங்கிக்கொண்டு டெல்ஃபிம் மலையேறி ஓடிவந்தான். பல்கலைக்கழக முற்றத்தில் எல்லோரும் இன்னும் காத்துக்கொண்டுதான் நின்றார்கள்.

"ஏய் ஒலிந்தா, இதக் கேளு! 'மாணவர்கள் தங்கள் கறுப்பு மேலங்கிகளைக் கழற்றி விரிக்க, அமைச்சர் அவற்றின் மீது நடந்து வந்தார். பலர் கண் கலங்கினர்.' நீ கலங்கினியாடீ?"

"இன்னும் நேரமிருக்கு," என்றாள் ஒலிந்தா. "அமில்கார் பத்தி என்ன போட்டிருக்கான்?"

"ஒரு வரிகூட இல்ல."

இருக்காதுதான். மாணவர் பத்திரிகையை நடத்திய அமில்காரைப் பட்டப்பகலில், சாப்பாட்டு மேசையிலிருந்து போலீஸ் இழுத்துப் போனதை ஊரே பார்த்தது. நாட்டில் நடந்ததை அச்சில் வரவிடாமல் அடிப்பதும், நடக்காததை அச்சேற்றுவதும் தணிக்கைக்காரர்களுக்குக் கைவந்த கலை. அதை நினைத்தாலே ஒலிந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேலங்கியை ஒருவர் காலடியில் விரிப்பது அங்கே மாணவர்கள் தரும் உச்சபட்ச மரியாதை. மனசு வந்தால்தான் விரிப்பார்கள். பதிவாளர் சர்மென்டோவோ அதற்கும் உத்தரவு போட்டிருந்தார். ஒலிந்தாவைத் தனியே கூப்பிட்டு, "முதல் மேலங்கி உன்னோடதுதான். நீ விரிச்சா மத்தவங்களும் விரிப்பாங்க. விரிக்கலன்னா உதவித்தொகைய மறந்துடு," என்று சொல்லியிருந்தார். உப்பளத்தில் வேலை பார்ப்பவரின் மகள் அவள். அந்தத் தொகை நின்றால் சட்டப் படிப்பும் நின்றுவிடும்.

கார் முற்றத்தின் நடுவே வந்து நிற்க, அமைச்சர் இறங்கினார். புகைப்படக்காரர்கள் முண்டியடித்தார்கள். "ம், போ," என்றார் சர்மென்டோ பல்லைக் கடித்துக்கொண்டு.

ஒலிந்தா மேலங்கியைக் கழற்றினாள். அப்போதுதான் வாயிற்பக்கம் சத்தம் கேட்டது. அமில்காரின் தாய் எர்மீனியாவைப் போலீஸ்காரன் ஒருவன் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தான். மகனைக் கொண்டுபோன நாள் முதல் அந்த அம்மாள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். யாரும் பதில் சொல்லவில்லை.

ஒலிந்தாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. அமைச்சருக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள், நேரே வாயிலுக்கு நடந்தாள், எர்மீனியாவின் காலடியில் மேலங்கியை விரித்தாள். போலீஸ்காரன் திகைத்துப்போய்க் கையை எடுத்தான்.

"வாங்கம்மா."

"ஐயோ, இது எதுக்கும்மா? என் செருப்பெல்லாம் சேறு," என்று குனிந்து கட்டைச் செருப்பைக் கழற்றப் போனார் அவர்.

"கழட்டாதீங்க. நல்லா மிதிச்சுட்டு வாங்க."

அடுத்ததாக டெல்ஃபிம் விரித்தான். பிறகு யாரும் யாரையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கறுப்புத் துணி ஒன்றையொன்று தொட்டு வாயிலிலிருந்து முற்றத்தின் நடுவரை நீண்டது. அமைச்சரின் காலடியில் மட்டும் வெறும் கல்தான் கிடந்தது.

சர்மென்டோ ஓடிவந்து ஒலிந்தாவின் கையைப் பிடித்தார். "உன் படிப்பு இன்னியோட முடிஞ்சுது, தெரியுமா?"

"தெரியும் சார். கைய விடுங்க."

எர்மீனியா முதலில் தயங்கித் தயங்கி நடந்தார். பாதி தூரத்தில் நிமிர்ந்துகொண்டார். அமைச்சரின் எதிரே போய் நின்று கேட்டார்.

"ஐயா, என் மகன் எங்க?"

அமைச்சர் காது கேட்காதவர் போல் சர்மென்டோவைப் பார்த்தார். சர்மென்டோ தரையைப் பார்த்தார்.

ஒலிந்தா எர்மீனியாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"அந்த அம்மா உங்களத்தான் கேக்கறாங்க. அமில்கார் எங்க?"

முற்றம் முழுவதும் சேர்ந்து அதையே திருப்பிக் கேட்டது.